சுரத்தால் பேசிய பெருமகன்

உஸ்தாத் அப்துல் கரீம் கான் வரலாறு

மாந்தர் தம் உள்ளத்தில் எழும் இன்பத்தையும் துன்பத்தையும் பிறர்க்கு உணர்த்துதற்குக் கண்ட வாயில்கள் பல. சொல் அவற்றுள் ஒன்று, ஓவியம் மற்றொன்று. ஆயினும் சொல்லைக் கற்பதற்கு முன்னரே குழவி அழுகிறது. தாய் அவ்வொலியைக் கேட்டே பசியழுகை எது, நோயழுகை எது என்று பகுத்தறிகிறாள். ஆகவே, ஒலியே மனிதனின் முதல் மொழி என்று கொள்ளுதல் தவறாகாது. நம் முன்னோர் இவ்வுண்மையை நன்கு உணர்ந்திருந்தனர். ஐந்திணைகளுக்கும் தனித்தனியே யாழும் பண்ணும் வகுத்தனர். கடற்கரையில் நின்று இரங்கும் நெய்தல் தலைவியின் துயருக்கு விளரி என்னும் இரங்கற்பண்ணை உரியதாக்கினர். அழுகைக்கும் ஓர் இலக்கணம் உண்டு, அதனைச் சுரத்தால் காட்டலாம் என்பது அவர்தம் துணிபு.

இவ்வாண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் பணித்தபோது, தமிழ்ப் புலவர் ஒருவரைப் பற்றியோ தமிழிசை வாணர் ஒருவரைப் பற்றியோ எழுதுவதே முறை என்று முதலில் எண்ணினோம். பின்னர், மராட்டிய மண்ணில் பிழைக்க வந்து, இம்மண்ணின் உப்பைத் தின்று வாழும் நாம், இங்கே வாழ்ந்து நம் தமிழ்மண்ணில் உயிர்நீத்த ஒரு பெருமகனை இதுகாறும் நம் மலரில் நினைக்கவில்லையே என்னும் குறை நெஞ்சில் உறுத்தியது. அவர்தாம் கிரானா இசைமரபின் பெருந்தூண் எனப் போற்றப்பெறும் உஸ்தாத் அப்துல் கரீம் கான் அவர்கள். சொல்லின் துணையைப் பெரிதும் நாடாமல், சுரம் ஒன்றையே கொண்டு மனித உள்ளத்தின் துயரத்தைக் கேட்போர் உள்ளத்தில் இறக்கி வைத்தவர் அவர். அவர் வரலாற்றை நாம் அறிந்த அளவில் இங்கே தருகின்றோம்.

பிறப்பும் பயிற்சியும்

தில்லிக்கு வடக்கே, யமுனையாற்றுக்கு அண்மையில், உத்தரப் பிரதேசத்தில் கைரானா என்றொரு சிற்றூர் உண்டு. வழக்கில் அதனைக் கிரானா என்பர். இசைவாணர் குடும்பங்கள் பல வாழ்ந்த ஊர் அது. அவ்வூரில் 1872-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 11-ஆம் நாள் அப்துல் கரீம் பிறந்தார். தந்தையார் காலே கான்; சிறிய தந்தையார் அப்துல்லா கான். இவர்களிடமே இளமைப் பயிற்சி நடைபெற்றது. வாய்ப்பாட்டோடு சாரங்கி, வீணை, தபலா முதலிய கருவிகளிலும் அவர் தேர்ச்சி பெற்றார்.

இவற்றுள் சாரங்கிப் பயிற்சியை ஈண்டுச் சிறப்பாகக் குறிக்க வேண்டும். சாரங்கி வில்லால் இசைக்கப்பெறும் கருவி. அதில் மெட்டுகள் இல்லை. விரல் நகத்தைத் தந்தியின் பக்கத்தில் பதித்து நகர்த்தும்போது ஒரு சுரத்திலிருந்து மற்றொரு சுரத்துக்கு இடைவெளியின்றி ஒலி வழுக்கிச் செல்லும். மனிதக் குரலுக்கு மிக அணித்தான கருவி என்று அதனைச் சொல்லுவர். அப்துல் கரீமின் குரலைக் கேட்போர்க்குச் சாரங்கியே வாய்பெற்றுப் பாடுவது போலத் தோன்றுவது இப்பயிற்சியின் பயன் போலும். அக்குரல் கனத்த குரலன்று. மெல்லியது, கூரியது, உயர்ந்த சுருதியில் இயங்குவது, இழையாக நூற்ற வெள்ளி போன்றது.

பரோடாவில்

இளம் பருவத்திலேயே தம் தம்பியார் அப்துல் ஹக்குடன் ஊரை விட்டுப் புறப்பட்டு, வட இந்தியாவின் சமஸ்தானங்கள் சிலவற்றில் பாடி, முடிவில் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் அவர்களின் அரசவையை அடைந்தார். மன்னர் ஆதரித்தார், அரசவைப் பாடகர் என்னும் பதவி கிடைத்தது. கிரானாவிலிருந்து வந்த இளைஞனுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? அமைதியாக இருந்திருந்தால் வாழ்நாள் முழுதும் குறைவின்றி வாழ்ந்திருக்கலாம்.

விதி வேறு வழியைக் காட்டியது. அரச குடும்பத்துக்கு உறவினரான சர்தார் மாருதிராவ் மானே என்பவரின் மகளார் தாராபாய்க்கும் இவருக்கும் காதல் அரும்பிற்று. சாதி, சமயம், அந்தஸ்து ஆகிய மூன்று மதில்களும் இடையே நின்றன. இருவரும் பரோடாவைத் துறந்து பம்பாய்க்குச் சென்று இல்லறம் தொடங்கினர். பதவி போயிற்று, அரசவைச் சம்பளம் போயிற்று. அன்று தொட்டு ஊர் ஊராகச் சென்று பாடியே குடும்பத்தைக் காக்க வேண்டியவரானார். ஐந்து மக்கள் பிறந்தனர். அவருள் சுரேஷ்பாபு மானே, ஹீராபாய் பரோடேகர், சரஸ்வதி ராணே என்னும் மூவரும் பிற்காலத்தில் இசையுலகில் பெரும்புகழ் பெற்றனர் என்பதை இசையன்பர்கள் அறிவர்.

தென்றிசை நோக்கி

பம்பாய் மாகாணத்தின் தென்பகுதி அவருக்குத் தாய்வீடாயிற்று. கிருஷ்ணையாற்றின் அருகே அமைந்த மீரஜ் என்னும் ஊரில் குவாஜா மீராசாகிப் தர்கா உள்ளது. அத்தர்காவின்மீது அவருக்கு ஆழ்ந்த பக்தி. அன்றியும், மீரஜ் தம்புராவும் சிதாரும் செய்யும் கைவினைஞர்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் ஊர். முற்றிய பெரிய சுரைக்குடுக்கையைப் பதப்படுத்தி அவர்கள் செய்யும் தம்புராவுக்கு 2024-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. இசைக்கருவிகளைப் பழுது பார்ப்பதில் தாமே கைதேர்ந்தவரான கான் சாகிபுக்கு அவ்வூர் பொருத்தமான உறைவிடமாய் அமைந்ததில் வியப்பில்லை.

மீரஜிலிருந்து தெற்கே தார்வார், ஹூப்ளி வழியாக மைசூர் வரை இருப்புப்பாதை செல்கின்றது. அவ்வழியே அவர் பன்முறை சென்றார். மைசூர் அரசவை அவரை வரவேற்றுச் சங்கீத ரத்னம் என்னும் விருதளித்தது. அங்கே கருநாடக இசையை அவர் கேட்டார். கேட்டதோடு நில்லாமல் கற்கவும் முற்பட்டார். வட நாட்டு உஸ்தாத்துகளில் பலர் தென்னாட்டு இசையைத் தமக்குப் புறம்பானதாகக் கருதிய காலம் அது. தென்னாட்டு வித்வான்களிலும் பலர் வடநாட்டு இசையை அவ்வாறே கருதினர். கான் சாகிபோ, இரண்டும் ஒரே ஏழு சுரங்களின் பிள்ளைகள் என்று கண்டார். நம் வித்வான்கள் கற்பனைச் சுரம் பாடும் முறை அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. தம் பாட்டில் சர்கம் என்னும் பெயரால் அதனைப் புகுத்தினார். தியாகராஜ சுவாமிகளின் கரகரப்பிரியாக் கீர்த்தனை ஒன்றை இசைத்தட்டிலும் பாடி வைத்தார். அதனைக் கேட்கும் நம்மவர் சிலர், உச்சரிப்பு வேறுபடுகிறதே என்று புன்முறுவல் செய்வதுண்டு. புன்முறுவல் செய்யட்டும், பாதகமில்லை. முதிர்ந்த வித்வான் ஒருவர், மாணவனைப் போல அயல்மொழிப் பாட்டொன்றைக் கற்றுப் பாடத் துணிந்தாரே, அந்தப் பணிவை அவர்கள் மறவாதிருத்தல் வேண்டும்.

சென்னைக்கும் அவர் வந்தார். வீணை தனம்மாள் அவர்களின் இல்லத்தில் பாடியிருக்கிறார். தனம்மாளோ அடங்கிய ஒலியில் வீணை வாசிப்பவர், ஆரவாரத்தை வெறுத்தவர், மிகக் கண்டிப்பான செவியுடையவர். அத்தகையோர் அவையில் கிரானா இசை ஏற்றுக்கொள்ளப்பட்டது என்றால், மொழியும் மரபும் வேறுபட்டாலும் சுரத்தின் தூய்மையைச் சுரமறிந்தார் அறிவர் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

சுருதி ஆராய்ச்சி

ஏழு சுரங்களுக்கு இடையே இருபத்திரண்டு நுண்சுருதிகள் உண்டு என்பது பழைய நூல்களின் கொள்கை. நம் தமிழிசை நூலாரும் குரல் முதல் தாரம் வரை நான்கு, நான்கு, மூன்று, இரண்டு, நான்கு, மூன்று, இரண்டு என இருபத்திரண்டு அலகுகள் வகுத்தனர். இவை ஏட்டுக் கணக்கா, செவிக்கு எட்டும் உண்மையா என்று இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐயம் எழுந்தது. சாங்லியைச் சேர்ந்த கிருஷ்ணாஜி பல்லால் தேவல் என்பவரும், மாவட்ட நீதிபதியாயிருந்த கிளமெண்ட்ஸ் என்னும் ஆங்கிலேயரும் இவ்வாராய்ச்சியில் ஈடுபட்டனர். அளவுக்கருவியின் தந்தி நீளத்தைக் கொண்டு கணக்கிடுதற்கு அவர்களுக்கு ஒரு குரல் தேவைப்பட்டது; ஒரு மயிரிழையும் பிறழாத குரல். அக்குரலை அளித்தவர் அப்துல் கரீம் கான். தேவல் 1910-லும் கிளமெண்ட்ஸ் 1913-லும் தத்தம் நூல்களை வெளியிட்டனர். அவர்தம் முடிவுகளை எல்லா அறிஞரும் ஒப்புக்கொண்டிலர். ஆயினும் படிப்பு மிகுதியில்லாத ஓர் இசைவாணர், தம் தொண்டையையே ஆராய்ச்சிக் கூடமாக்கித் தந்தார் என்பது போற்றத்தக்கது.

இதற்கும் உணர்ச்சிக்கும் என்ன தொடர்பு என்று அன்பர்கள் கேட்கலாம். தொடர்பு மிக நெருங்கியது. ஒரே ரிஷபம் ஓர் இராகத்தில் சற்றே தாழ்ந்து நிற்கும்போது ஏக்கத்தைத் தரும். மற்றோர் இராகத்தில் சற்றே உயர்ந்து நிற்கும்போது அமைதியைத் தரும். அழுபவன் குரலைக் கூர்ந்து கேட்டால், அது நேராக இறங்குவதில்லை. தயங்கித் தயங்கி, இடையிலுள்ள நுண்ணிய படிகளில் நின்று நின்று இறங்குகின்றது. அந்தப் படிகளை அறிந்தவனே துயரத்தைப் பாட முடியும். கான் சாகிப் அவற்றை அறிந்திருந்தார். டிப்பு என்று பெயரிட்டுத் தாம் வளர்த்த நாய் ஒன்றுக்கும் சுரத்தோடு ஒலியெழுப்பப் பழக்கியிருந்தார் என்று கூறுவர். கேட்டோர் நகைத்திருக்கலாம். சொல்லறியா உயிர்க்கும் சுரம் உண்டு என்று அவர் நம்பியதற்கு அதனை ஓர் அடையாளமாகவே நாம் கொள்ளுகின்றோம்.

பள்ளியும் மாணவரும்

1913-ஆம் ஆண்டில் புனே நகரில் ஆரிய சங்கீத வித்யாலயம் என்னும் இசைப்பள்ளியை நிறுவினார். இசையைத் தம் குடும்பத்தார்க்கு மட்டுமே கற்பித்து, பிறர்க்கு மறைத்து வைக்கும் வழக்கம் உஸ்தாத்துகளிடையே மிகுந்திருந்த காலத்தில், அவர் சாதி, சமயம் பாராமல் மாணவரைச் சேர்த்தார். உணவும் உறைவிடமும் கொடுத்தார். பள்ளிச் செலவுக்காகத் தாமும் மாணவரும் ஊர் ஊராகச் சென்று பாடினர். பெரும்பொருள் சேரவில்லை, சேர்க்கவும் அவர் முயலவில்லை.

மாணவருள் தலையாயவர், ஹூப்ளிக்கு அருகில் உள்ள குந்த்கோல் என்னும் ஊரினரான ராம்பாவ் குந்த்கோல்கர். பிற்காலத்தில் மராட்டிய நாடக மேடையில் புகழ்பெற்றுச் சவாய் கந்தர்வர் என்று வழங்கப்பெற்றவர் அவரே. கன்னட நாட்டு அந்தணச் சிறுவனுக்கு வடநாட்டு முஸ்லிம் ஆசான் மராட்டிய நாட்டில் இசை கற்பித்தார். இத்தகைய கூட்டுறவு அன்று அரிதே எனினும், அவர் பள்ளியில் அது நாள்தோறும் நடந்த செய்தி.

பிரிவு

புகழ் வளர்ந்த நாளிலேயே இல்லத்தில் விரிசல் கண்டது. 1922-ஆம் ஆண்டில் தாராபாய் அம்மையார் மக்களை அழைத்துக்கொண்டு கணவரைப் பிரிந்து சென்றார். அம்மக்கள் தாய்வழிப் பெயரையே பூண்டனர். குற்றம் எவர்பால் என்று தீர்ப்புக் கூறும் உரிமை நமக்கில்லை. கணவன் மனைவியரிடையே நிகழ்ந்தவற்றை அவ்விருவரே அறிவர். நாம் அறிவது இவ்வளவே: அன்பின் பொருட்டு அரசவையைத் துறந்த மனிதர், ஏறத்தாழக் கால் நூற்றாண்டு கழித்து அந்த அன்பையும் இழந்தார். தாம் சுரம் சொல்லிக்கொடுத்த குழந்தைகளின் குரல் வீட்டில் ஒலிக்காமற் போயிற்று. ஹீராபாய் மேடையேறி, கட்டணக் கச்சேரி செய்த முதற்பெண்மணிகளுள் ஒருவராகப் புகழ்பெற்றபோது, அவர் பெயரில் தந்தையின் பெயர் இருக்கவில்லை.

கான் சாகிப் மீரஜிலேயே நிலையாகத் தங்கினார். பின்னர்த் தம் மாணவியரில் ஒருவரான பானுபாய் அம்மையாரை மணந்து வாழ்ந்தார் என்பதும் வரலாறு. ஆயினும் 1922-க்குப் பின்னர் அவர் இசையில் ஒரு மாறுதல் ஏற்பட்டது என்று அறிந்தோர் உரைப்பர். விரைவும் வித்தையும் பின்சென்றன. அமைதியும் ஏக்கமும் முன்வந்தன. பாட்டுத் தியானமாயிற்று.

அவர் பாடிய முறை

அவர் பாடிய முறையைச் சிறிது விளக்குவோம். இராகத்தை அவர் அவசரமின்றித் தொடங்குவார். மத்திம காலத்தில் பாய்ந்து செல்லும் கச்சேரிகளுக்குப் பழகிய நம் செவிக்கு இது முதலில் பொறுமையைச் சோதிப்பதாகத் தோன்றும். ஆதார சட்சத்தில் நெடுநேரம் நிற்பார். பின் அடுத்த சுரத்தைத் தொடுவார். உடனே அதன்மீது ஏறி அமர மாட்டார். விருந்தாளி வாயிலில் நின்று உள்ளே வரலாமா என்று கேட்பது போல, அருகில் நின்று, தொட்டு, விலகி, மீண்டும் தொட்டு, முடிவில் அதில் நிலைப்பார். அந்நேரத்தில் கேட்போர் உள்ளமும் அச்சுரத்துக்காக ஏங்கி நிற்கும். ஏக்கத்தைப் பற்றி அவர் பாடவில்லை. கேட்போரையே ஏங்கச் செய்தார். இவ்வாறு ஒவ்வொரு சுரமாக இராகத்தை வளர்த்துச் செல்லும் விளம்பகால முறையைக் கிரானா மரபின் அடையாளமாக்கியவர்கள் அவரும் அவர்தம் உறவினர் அப்துல் வாஹித் கானும் ஆவர்.

குறை கூறியோரும் இல்லாமலில்லை. சாகித்தியம் தெளிவாக விளங்குவதில்லை என்றனர். தாளத்தோடு விளையாடும் வன்மை போதாது என்றனர். குரலில் ஆண்மை இல்லை என்றும் சிலர் கூறினர். இக்குறைகளில் உண்மை ஒரு பகுதி உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும், சொல் கரைந்து மறையும் இடத்தில்தான் அவர் பாட்டுப் பேசத் தொடங்குகிறது. மேலும் மூன்று நிமிடத்துக்குச் சற்றே மிகுந்த நேரமே ஓடும் இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் இராகத்தின் உயிரைக் காட்டுதல் எளிய செயலன்று. 1905-ஆம் ஆண்டு வாக்கிலேயே அவர் தட்டுகள் பாடினார். வாழ்வின் பிற்பகுதியில் ஒடியன் நிறுவனத்துக்காகப் பாடியவையே இன்று நமக்குப் பெருஞ்செல்வமாக நிற்பவை. பைரவி, ஜிஞ்ஜோட்டி, ஜோகியா ஆகிய இராகங்களில் அவர் பாடிய தும்ரிகளைக் கேட்டறியாத இசையன்பர் இந்நாட்டில் குறைவு.

இசை மொழியைக் கடந்தது என்று மேடைதோறும் சொல்லக் கேட்டிருக்கிறோம். அதன் பொருளை நாம் உணர்ந்தது ஓர் இரவில். இரயில்வேப் பணியில் சேர்ந்து இப்பகுதிக்கு வந்த சில ஆண்டுகளில், ஊரில் அன்னையார் மறைந்த செய்தி எட்டியது. மறுநாள் வண்டிக்கே வழியிருந்தது. குடியிருப்பில் அடுத்த வீட்டிலிருந்த முதியவர், ஓய்வுபெற்ற மராட்டியக் கார்டு, வந்து அருகில் அமர்ந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. அன்று நமக்கு மராட்டியும் சரிவர வாராது. சிறிது நேரம் இருந்துவிட்டு எழுந்து சென்றார். பின்னர் அவர் வீட்டிலிருந்து பழைய கிராமபோன் தட்டு ஒன்று ஒலித்தது. ஜோகியா இராகம். நம் சாவேரியைப் போல இருக்கிறதே என்று முதலில் தோன்றியது. பின்னர்ச் சாவேரி, ஜோகியா என்னும் எண்ணமெல்லாம் அகன்றது. பாட்டின் ஒரு சொல்லும் நமக்கு விளங்கவில்லை. அதுவரை வாராத கண்ணீர் அப்போது வந்தது. தட்டு ஓய்ந்ததும் முதியவர் அதனை மீண்டும் தொடக்கத்திலிருந்து வைத்தார். பாடியவர் யார் என்று கேட்டறிந்தது, ஊர் சென்று கருமாதி முடித்துத் திரும்பிய பின்னர்தான்.

ஒரு சிறுவனும் ஓர் இசைத்தட்டும்

அத்தட்டுகள் செய்த மற்றொரு செயலையும் சொல்ல வேண்டும். கன்னட நாட்டின் கதக் பகுதியில் ஒரு பள்ளி ஆசிரியரின் மகன், கடையொன்றில் கான் சாகிபின் ஜிஞ்ஜோட்டித் தட்டு ஒலிப்பதைக் கேட்டான். இவ்வாறு பாட வேண்டும் என்னும் வெறி அவனைப் பற்றியது. 1933-இல், பதினொரு வயதில், குருவைத் தேடி வீட்டை விட்டு ஓடினான். கையில் காசில்லை. வண்டிகளில் பயணச்சீட்டின்றியே ஏறி, பயணிகளுக்கும் சீட்டுப் பரிசோதகர்க்கும் பாடிக் காட்டி, குவாலியர் வரை சென்றான். சீட்டில்லாப் பயணத்தை நம் துறையினர் எவரும் பாராட்டுதல் தகாது. ஆயினும் அந்த ஒரு பயணத்தை மட்டும் மன்னித்து விடலாம் என்று தோன்றுகிறது. ஏனெனில் அச்சிறுவனே பின்னாளில் பண்டித பீம்சேன் ஜோஷி ஆனார். வடக்கெங்கும் அலைந்தபின் 1936-இல் அவர் கண்டடைந்த குரு வேறு யாருமல்லர். கான் சாகிபின் மாணவரான சவாய் கந்தர்வரே. கங்கூபாய் ஹங்கல் அம்மையாரும் அதே குருவிடம் பயின்றவர். குருவின் நினைவாக 1953 முதல் புனேயில் நடந்துவரும் இசைவிழாவும், 2008-இல் ஜோஷி அவர்களுக்கு அறிவிக்கப்பெற்ற பாரத ரத்னா விருதும் அன்று கடைவாயிலில் ஒலித்த ஒரு தட்டிலிருந்து கிளைத்தவை என்று சொன்னால் மிகையாகாது.

இறுதிப் பயணம்

1937-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள். கான் சாகிப் சென்னைக்கு வந்திருந்தார். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் பாடுதற்கு அழைப்பு வந்தது. அறுபத்தைந்து வயது நிறைய இரண்டு வாரங்களே இருந்தன. மாணவரோடு எழும்பூரில் வண்டியேறினார். அந்நாளில் அது தென்னிந்திய இரயில்வேயின் மீட்டர் கேஜ் பாதை. செங்கற்பட்டு, விழுப்புரம் வழியாகப் புதுச்சேரி செல்ல வேண்டும்.

வண்டி புறப்பட்டு நெடுந்தொலைவு செல்லவில்லை. மார்பில் வலி கண்டது. செங்கற்பட்டுக்கு முன்னுள்ள சிங்கப்பெருமாள் கோயில் நிலையத்தில் இறங்கிவிட்டனர். குன்றைக் குடைந்தமைத்த நரசிம்மப் பெருமாள் சந்நிதியால் பெயர்பெற்ற சிற்றூர் அது. உடனிருந்தோர் வழியாக வந்த செய்தியின்படி, நடைமேடையிலேயே படுக்கையை விரித்தனர். முடிவு அணுகியதை அவர் உணர்ந்துகொண்டார். எழுந்து அமர்ந்து தொழுகை செய்தார். தம்புராவுக்குச் சுருதி சேர்க்கச் செய்தார். தர்பாரி கானடா இராகத்தில் இறைவனைத் துதித்துப் பாடினார். பாடி முடித்துச் சாய்ந்தார், உயிர் பிரிந்தது. அன்று அக்டோபர் 27-ஆம் நாள்.

நிலைய அலுவலில் இருபது ஆண்டுகளைக் கழித்த நமக்கு, நடைமேடை என்பது மூட்டைகளும் கூச்சலும் மணியோசையும் நிறைந்த இடம். அங்கே நிற்பவர் எல்லோரும் வேறெங்கோ செல்ல வேண்டியவர். எவரும் அதனைத் தம் இடமாகக் கருதுவதில்லை. அத்தகைய இடத்தில், பிறந்த ஊருக்கும் வாழ்ந்த ஊருக்கும் தொலைவில், அயல்மொழி வழங்கும் நாட்டில், அவர் தம்புராவின் சட்சத்தையே தம் வீடாகக் கொண்டார். அன்னையாரின் கருமத்துக்காக எழும்பூரிலிருந்து தெற்கே சென்ற வண்டியில், நாமும் அந்த நிலையத்தைக் கடந்தோம். முதல்நாள் இரவு நம்மை அழச் செய்து ஆற்றிய குரல் அடங்கிய இடம் அதுவே என்பதை அன்று அறிந்திலோம். அறிந்தபின் அவ்வழியே செல்லும்போதெல்லாம், வண்டி நில்லாது விரைந்தாலும், ஒரு கணம் எழுந்து நிற்பதை வழக்கமாகக் கொண்டிருக்கிறோம்.

மீரஜில்

கான் சாகிபின் திருமேனி மீரஜுக்குக் கொண்டுவரப்பெற்று, மீராசாகிப் தர்கா வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பெற்றது. ஆண்டுதோறும் அங்கே உருஸ் விழாவின்போது அவர் நினைவாக இசைவாணர்கள் கூடிப் பாடுகின்றனர். அவர் அமர்ந்து பாடிய புளியமரத்தடி இசைவாணர்க்கு ஒரு திருத்தலமாகவே விளங்குகின்றது. பெரிய வித்வான்களும் அங்கே காணிக்கை செலுத்துவது போலப் பாடிச் செல்கின்றனர். இந்துக்களும் முஸ்லிம்களும் ஒருங்கே அமர்ந்து இரவு முழுதும் கேட்கின்றனர்.

மீரஜ் சந்திப்பின் வழியாக எத்தனையோ முறை சென்றும், முதற் பதினைந்து ஆண்டுகளில் ஒரு முறையேனும் நாம் நிலையத்தை விட்டு வெளியே வந்து அவ்விடத்தைக் கண்டதில்லை. இதனை நாணத்தோடு ஒப்புக்கொள்ளுகின்றோம். இது நம் ஒருவரின் குறை மட்டுமன்று. பிறமொழி நாட்டில் வாழும் நாம், நம் மொழி மறையுமோ, நம் மக்கள் நம் பண்பாட்டை மறப்பரோ என்று அஞ்சுகிறோம். அவ்வச்சம் நியாயமானதே, அதற்காகவே சங்கம் கண்டோம், தமிழ் வகுப்பு நடத்துகிறோம், ஆண்டு விழா எடுக்கிறோம். ஆனால் அவ்வச்சத்தாலேயே அண்டை வீட்டாரின் பாட்டுக்குச் செவியை அடைத்துக்கொள்ளுதலும் நேர்ந்துவிடுகிறது. கரகரப்பிரியாவைக் கற்றதனால் கான் சாகிபின் கிரானா மரபு கெடவில்லை, வளம் பெற்றது. தர்பாரியைக் கேட்பதனால் நம் தமிழிசையும் கெட்டுவிடாது. தன் சுருதியில் உறுதியாக நிற்பவன் எந்தச் சுரத்தையும் அஞ்ச வேண்டியதில்லை.

ஆதலின் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். அடுத்த உருஸ் விழாவுக்கு நம் பிள்ளைகளுள் விருப்பமுள்ளோரை அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்வோம். நம் நாட்டு மண்ணில் இறுதி மூச்சை விட்ட பெருமகனுக்கு, அவர் உறங்கும் மண்ணில் வாழும் தமிழர் செலுத்தும் மரியாதை அதுவாகும். பிள்ளைகளுக்குச் சொற்கள் விளங்குமோ என்று பெற்றோர் கவலைப்பட வேண்டாம். அமைதியாக உட்காரச் சொன்னால் போதும். மற்றதைச் சுரம் பார்த்துக்கொள்ளும்.

வாழ்க இசை! வளர்க ஒற்றுமை!